வற்கடம் கற்பிக்கும் பாடம்

(வலிகாமத்து வாசிகசாலை ஒன்றிற் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் முழு வடிவம்)



இக்கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தோட்டக் கிணற்றின் கட்டருகே சிறிது நேரம் நின்றேன். தண்ணீர் வெகு ஆழத்திற் கிடந்தது. அங்கு நின்ற முதியவர், "என்ரை சீவியத்திலை இப்பிடியொரு கோடையை நான் காணேல்லைத் தம்பி" என்றார். அவர் கூறியது உண்மையே. ஆயினும் அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் ஏதோ ஓர் ஆண்டில் அதே கட்டருகே நின்று அதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்.

மனிதனுடைய நினைவு எவ்வளவு தூரம் செல்லும்? நம் முன்னோர் ஆண்டுகளுக்குப் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர் வைத்தனர். அச்சுற்று ஒருமுறை முடிவதற்குள் ஒருவனுடைய உழைக்கும் காலமும் முடிந்துவிடுகிறது. ஒரு தாது வருடத்தைக் கமக்காரனாய்க் கண்டவன் மறு தாது வருடத்தைக் கமக்காரனாய்க் காண்பது அரிது. வானமோ நம் ஆயுட்கணக்கை அறியாது. நூறாண்டுக்கு ஒருமுறையும் அதனினும் அரிதாகவும் வரும் வறட்சிகள் உண்டு. அவற்றை நினைவினால் அறிதல் இயலாது; சான்றுகளாலேயே அறிதல் வேண்டும்.

அச்சான்றுகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவற்றிலிருந்து நான் பெற்ற முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். வெவ்வேறு தண்ணீர் என்று நாம் எண்ணுவனவெல்லாம் பெரும்பாலும் ஒரே மழையின் தண்ணீர். அம்மழை பொய்க்கும்போது எல்லாம் ஒருங்கே பொய்க்கும். அஃது ஓராண்டு மட்டுமே பொய்க்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

நம் காலடியிலுள்ள குளம்

நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடி அராலியிற் கடலைச் சேர்ந்தபின் வறண்டுவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது அங்குல மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன் பெய்துவிடுகிறது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கித் தங்குகிறது. நாம் பருகுவதும் பயிருக்கு இறைப்பதும் அதனையே.

அது தங்கும் விதத்தை ஒவ்வொரு கமக்காரரும் அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடியிற் கடல்நீர் ஊடுருவி நிற்கிறது. மழைநீர் பாரங் குறைந்தது. ஆகவே அது கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் வல்லுநர் கொள்ளும் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர் எழும்பும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நீங்கள் அறிந்ததே. நம் கிணறுகள் யாவற்றின் நிலையும் அதுவே.

ஆகையால் வறட்சி என்னும் சொல்லுக்கு நம் நாட்டிற் பொருள் வேறு. வன்னியில் வறட்சி வந்தாற் குளம் வற்றும். மறு மழையில் அது நிரம்பும். இங்கே கிணறு வற்றுவதற்கு முன்னரே உவர்த்துவிடும். ஏறிய உவர் ஒரு மாரியோடு இறங்கிவிடும் என்று நம்புதற்கில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று மாரி பொய்த்தால் என்னவாகும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவ்வாறு முன்பு நிகழ்ந்ததுண்டா?

ஏடும் கல்வெட்டும்

வற்கடம் என்னும் சொல்லை இன்று நாம் வழக்கிற் கைவிட்டோம். மழையின்றி நாடு வறண்டு பஞ்சம் உறுதலே வற்கடம். பாண்டிநாட்டிற் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நிகழ்ந்ததென இறையனார் களவியல் உரை கூறும். ஈழத்தில் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அரசிழந்திருந்த காலத்தில், பன்னிரண்டு ஆண்டு நீடித்த பெரும் பஞ்சத்தைப் பௌத்த மரபு பேசுகிறது. தக்கணத்திற் கி.பி. 1396இல் தொடங்கிய துர்க்காதேவிப் பஞ்சத்துக்கும் மரபு கூறுவது பன்னிரண்டு ஆண்டே.

பன்னிரண்டு என்பதைக் கைவிரலால் எண்ணிய கணக்காகக் கொள்ளலாகாது. 'பல்லாண்டு' என்பதனை முன்னோர் அவ்வாறு சொன்னார்கள் போலும். ஆயினும் பெருவறட்சியென்றால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது என்னும் எண்ணம் இம்மூன்று மரபுகளிலும் உறைந்திருப்பதைக் கவனியுங்கள்.

சோழநாட்டிற் கல்லே பேசுகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சத்திற் பிழைக்க வழியற்ற வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான் எனத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு கூறும். காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், நிலத்தை நம்பி வாழ்ந்த ஒருவன் அடைந்த கதி அது. ஆறு உண்டு என்னும் நம்பிக்கையும் மழை உள்ளவரைதான்.

குகையும் மரமும்

ஏடும் கல்வெட்டும் மனிதர் எழுதியவை. விடுபட்டவை பல இருக்கும். இயற்கை தானே எழுதி வைத்த கணக்கும் ஒன்று உண்டு. அதனை வாசிக்கும் முறையைச் சென்ற சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் நன்கு கற்றுவிட்டனர்.

சுண்ணாம்புக் குகைகளிற் கூரையினின்று சொட்டும் நீர் தரையிற் படிந்து கல்லாய் வளர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மயிரிழையளவு படை ஏறும். மழைநீரிற் பாரங்கூடிய ஒட்சிசனும் பாரங்குறைந்த ஒட்சிசனும் கலந்துள்ளன. மழை மிகுந்த காலத்துப் படையிற் பாரங்கூடியது குறைந்தும், வறண்ட காலத்துப் படையில் அது மிகுந்தும் காணப்படும். கல்லை அறுத்துப் படை படையாகச் சோதித்தால், அரசனும் புலவனும் எழுதாத ஆண்டுகளின் மழையையும் மதிப்பிடலாம்.

மேகாலயத்து மௌம்லூக் குகைக் கல்லிற் கண்ட மாற்றம், இற்றைக்கு 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த நெடிய வறட்சியைக் காட்டிற்று. அதனை எல்லையாகக் கொண்டு, அதன் பின்னுள்ள காலத்துக்கு 'மேகாலயக் காலம்' என்று புவிச்சரிதவியலார் 2018இற் பெயரிட்டனர். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததற்குரிய காரணங்களுள் அவ்வறட்சியையும் ஆய்வாளர் பலர் வைத்து எண்ணுகின்றனர். சத்தீசுகாரிலுள்ள தண்டக் குகைக் கல், கி.பி. 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டிலும் பருவமழை மீண்டும் மீண்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து தளர்ந்ததைக் காட்டுகிறது. துர்க்காதேவிப் பஞ்சம் அக்காலத்தது. மரபு கூறிய பல்லாண்டுப் பஞ்சம் கட்டுக்கதை அன்று என்பதற்குக் கல்லே சாட்சி.

மரமும் சாட்சி கூறும். மரத்தை அறுத்தால் ஆண்டுக்கு ஒன்றாக வளையம் தெரியும். நல்ல மழையில் அகன்றும் வறட்சியில் ஒடுங்கியும் இருக்கும். ஆசியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைக் கொண்டு எழுநூறு ஆண்டுப் பருவமழை வரலாறு ஒன்றை ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். 1638 முதல் 1641 வரை, 1756 முதல் 1768 வரை, 1790 முதல் 1796 வரை, 1876 முதல் 1878 வரை என நான்கு பெருவறட்சிகளை அதிற் சிறப்பாகக் குறித்தனர். இவற்றுள் இரண்டாவது பன்னிரண்டு ஆண்டு நீடித்தது! வியட்நாம் மலைகளின் மரவளையங்கள், கம்போசத்து அங்கோர் நகரம் வீழ்ந்த 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளிலும் கடும் வறட்சி நிகழ்ந்ததைக் காட்டின.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. தண்டக் குகை சொல்வது தென்மேற்குப் பருவக்காற்றின் கதை. நமது மழையோ வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. அங்கு வறண்ட ஆண்டெல்லாம் இங்கும் வறண்டது என்று கொள்ளலாகாது. அநுராதபுரமும் பொலநறுவையும் கைவிடப்பட்டதற்கும் படையெடுப்பு, நோய், ஆட்சிக் குலைவு எனக் காரணம் பல கூறுவர். வறட்சியின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீராத வாதம். கிடைத்த சான்றுக்கு மேலே ஒரு முழம் ஏறிப் பேசுவது நமக்கு நன்மை தராது. ஆனால் இரு பருவக்காற்றும் அடுத்தடுத்துப் பொய்த்த ஆண்டு ஒன்றை நாம் ஐயமற அறிவோம். அதுவே தாது வருடம்.

தாது முதல் துன்முகி வரை

1876இற் சென்னை மாகாணத்தில் தென்மேற்கு மழையும் பொய்த்தது. வடகீழ் மாரியும் பொய்த்தது. மறு ஆண்டும் தென்மேற்கு மழை தவறியது. பசிபிக் மாகடல் முன்னர் சில ஆண்டுகள் குளிர்ந்து கிடந்து, 1877இல் மிகக் கடுமையாகச் சூடேறியதும், அதனோடு இந்து மாகடலின் வெப்பநிலை புரண்டதும் இதற்குக் காரணம் என இன்று அறிகிறோம். பசிபிக்கின் அச்சூட்டை எல் நினோ என்பர். இந்தியப் பெருநாட்டில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

யாழ்ப்பாணம் அன்று அரிசிக்கு இந்தியக் கரையைப் பெரிதும் நம்பியிருந்தது. நம் வயலிலும் விளைவில்லை. வரும் அரிசிக்கும் வழியில்லை. பசியோடு பேதி நோயும் பரவிற்று. ஆறுமுக நாவலர் 1877இல் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நிவாரணத்தில் அசிரத்தை காட்டிய அதிகாரிகளை அவர் கண்டித்தார். சமயம் வளர்த்த பெரியார் என்று மட்டும் அவரைப் போற்றும் நாம், பசித்த வயிற்றுக்காக அவர் அதிகாரத்தோடு வழக்காடியதையும் மறத்தலாகாது.

அன்றைய பிழை எங்கே? நம் நெல் தவறினால் அக்கரை அரிசி உதவும் என்று எண்ணினோம். இக்கரைக்கும் அக்கரைக்கும் மாரி ஒன்றே என்பதனை எண்ணவில்லை.

அதன் பின் 140 ஆண்டு கழித்து, துன்முகி வருடத்தில், 2016இல், மாரி மீண்டும் பொய்த்தது. இம்முறை இந்து மாகடலின் கிழக்குப் பக்கம் சூடேறியமையால் மேகக் கூட்டம் சுமத்திராவின் பக்கம் இழுபட்டது. பசிபிக்கும் சிறிது குளிர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் வடகீழ் மழை வழமையினும் நூற்றுக்கு 62 வீதம் குறைந்தது. 1876க்குப் பின் அங்கே அத்தகைய மாரி பதிவாகியதில்லை. அதே மாரியில் இலங்கையும் வறண்டது. நாற்பது ஆண்டிற் காணாத வறட்சி என்றார்கள். பட்டினிச் சாவு நேரவில்லை. கப்பலும் களஞ்சியமும் அரசின் நிவாரணமும் இருந்தன. நெல்லை வெளியிலிருந்து கொண்டுவரலாம். ஆனால் உவர்த்த கிணற்றை எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்பி மாற்றுவது?

பழைய மாற்றமும் புதிய மாற்றமும்

"காலநிலை என்றும் மாறிக்கொண்டே இருந்ததாயின், இன்றைய மாற்றத்தைப் பற்றி ஏன் இத்தனை கூச்சல்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவர் சொல்வதில் உண்மையும் உண்டு. இற்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை தரையாய்க் கிடந்தது. யாழ்ப்பாணம் குடாநாடாகவே இருக்கவில்லை. ஹோட்டன் சமவெளிச் சேற்றுநிலத்திற் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், அக்காலத்தில் ஈழம் மிக வறண்டிருந்ததென்றும், பின்னர் மழை பெருகிற்றென்றும் கண்டனர்.

ஆனால் அம்மாற்றங்களுக்கு ஞாயிறும் மாகடலும் பூமியின் சுற்றுப்பாதையும் காரணம். பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தன. மக்களும் இடம் பெயர்ந்து பிழைத்தனர். இன்றைய சூடு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் ஒன்றரை நூற்றாண்டில் ஏறிய சூடு. ஒரு பாகையை ஏற்கெனவே கடந்துவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு வீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். 2008 கார்த்திகையில் நிசா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியதைக் கண்டோம். அவ்வெள்ளம் கடலுக்கு ஓடிற்று. கிணற்றுக்கு எவ்வளவு சென்றது? கடல்மட்டமும் 1900க்குப் பின் உலகளவில் ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. நம் நன்னீரோ அக்கடலின் மேல் மிதப்பது.

வறட்சி பழையது, அதன் கடுமை பல்லாண்டு நீளும் என்பதும் பழையது. அப்பழைய வறட்சி இப்புதிய சூட்டின் மேல் வந்து விழுமாயின் என்ன செய்வோம்? பழங்கால வறட்சியை ஆராய்வதன் பயன், இக்கேள்வியை நேரத்தோடு கேட்கச் செய்வதே.

செய்யத் தக்கது

இரணைமடுத் தண்ணீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் பற்றி எழுந்த பிணக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகள் உண்டு என்றனர் கிளிநொச்சிக் கமக்காரர். எங்களுக்குக் குடிக்கவே நீரில்லை என்றனர் இங்குள்ளோர். தமிழரும் தமிழரும் தண்ணீருக்கு வழக்காடும் நிலை வந்தது. வரலாறு இதற்குத் தீர்ப்புச் சொல்கிறது. இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆற்றுக்கும் நம் கிணற்றுக்கும் நீர் தருவது ஒரே மாரி. நமக்கு மிகத் தேவையான ஆண்டிலேதான் அங்கும் மிகக் குறைவாயிருக்கும். நல்ல ஆண்டின் கணக்கைக் கொண்டு கெட்ட ஆண்டுக்கு உறுதி கொடுத்தல் தகாது. 1877இல் அரிசியிற் செய்த பிழையைத் தண்ணீரிற் செய்யலாகாது.

2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தர வல்லது. மாரியை நம்பாத நீர் என்பதால் குடிநீருக்கு அது பெருந்துணை. ஆனால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அந்த விலையுள்ள நீரை இறைக்க எவராலும் இயலாது. தோட்டத்துக்குக் காலடி நீரே கதி. அதனைக் காக்கும் வழிகள் மூன்றினைக் கூறுவேன்.

முதலாவது, குளம். குடாநாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சிறு குளங்களும் கேணிகளும் உண்டு. அவை மாடு குளிக்க மட்டும் வெட்டியவை அல்ல. ஓடும் மழையை நிறுத்தி நிலத்துக்குள் இறக்கும் வாயில்கள். அவ்வாயில்களிற் குப்பை கொட்டுகிறோம்; மண் நிரப்பிக் காணியாக்குகிறோம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கட்டிய அணைகளும், பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டமும் இதே நோக்கத்தன: கடலுக்கு ஓடும் மாரி நீரைத் தடுத்து, கடனீரேரியை நன்னீராக்கி, உவரைப் பின்தள்ளுவது. கதவு ஒழுகும் அணையாற் பயனில்லை.

இரண்டாவது, இறைப்பு. என் பாட்டனார் காலத்திற் துலா மிதித்தவனுக்குக் கால் வலித்தது. ஆகவே கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. இயந்திரத்துக்குக் கால் வலிப்பதில்லை. நான் இயந்திரத்தைப் பழிக்கவில்லை. துலாவுக்குத் திரும்புங்கள் என்று சொல்லவும் இல்லை. கால் வலி இட்ட வரம்பை இனி அறிவு இடவேண்டும். நமக்கு ஒரு வசதி உண்டு. மார்கழியோடு மழைக்கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். தைப்பொங்கலன்று கிணற்று மட்டத்தை அளந்தால், அவ்வாண்டு எத்தனை பரப்பு நடலாம் என்பதனை அன்றே ஊர் கூடித் தீர்மானிக்கலாம். மாரி குறைந்த ஆண்டில் எல்லோரும் சிறிது குறைத்து நட்டால் எல்லோர் கிணறும் தப்பும். ஒருவன் மட்டும் குறைத்து அயலவன் பெருக்கினால், குறைத்தவன் கிணறும் உவர்க்கும். ஏனெனில் வேலி மேலேதான், கீழே வேலி இல்லை.

மூன்றாவதே முதன்மையானது: எழுதி வைத்தல். முன்னர்க் கூறிய வட்டகாமணி காலத்துப் பஞ்சத்தில், திரிபிடகத்தை மனத்திற் பேணிய பிக்குகள் பலர் மாண்டனர் என்றும், இனி நினைவை நம்பலாகாதென்று கண்டே அலுவிகாரையில் அதனை ஏட்டில் எழுதினர் என்றும் அந்த மரபு கூறும். ஒரு வற்கடம் கற்பித்த பாடம் அது. நம் கிணறுகளின் கதை இன்று முதியவர்களின் நினைவிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஐந்து கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து, வாசிகசாலைச் சுவரில் எழுதுங்கள். அளவு நாடாவும் உவரளக்கும் சிறு கருவியும் போதும். உயர்வகுப்பு மாணவர் செய்யலாம். இங்குள்ள பொறியியலாளரும் ஆசிரியரும் அதனைக் கற்பிக்க ஒரு பிற்பகலை ஒதுக்கினாற் போதும்.

அரசு அலுவலகங்கள் திரட்டும் மழைக்கணக்கும் நிலத்தடி நீர்க்கணக்கும் ஊர் ஊராகப் பிரித்து, கமக்காரர் வாசிக்கும் தமிழில், காலந்தவறாது வெளியிடப்பெறல் வேண்டும். நம் காலடியில் உள்ள நீரின் கணக்கை நாம் கேட்பது சலுகை அன்று, உரிமை. ஆனால் உரிமையைக் கேட்கும் வாய்க்கு, தன் ஊர்க் கிணற்றைத் தானே அளந்த கையும் துணை நிற்றல் வேண்டும். அளந்தவன் கேட்டால் மறுப்பது அரிது.

அன்பர்களே, காலையிற் கண்ட முதியவரிடம், "ஐயா, இதற்கு முன் கெட்ட கோடை எது?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். வருடம் நினைவில் இல்லை என்றார். எவ்வளவு ஆழத்தில் நீர் நின்றது என்று கேட்டேன். கையால் ஏதோ ஓர் அளவைக் காட்டினார். அக்கையளவை நம்பித்தான் நாம் நம் தோட்டத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் வைத்திருக்கிறோம். வரும் தைப்பொங்கலன்று பானை ஏற்றுமுன் கிணற்றுக்குள் ஒரு கயிற்றை விட்டு அளந்து, திகதியிட்டு எழுதுங்கள். பின்னொரு நாளில் இக்கிணற்றுக் கட்டருகே நிற்பவன், அடுத்த தாது வருடத்தை எதிர்கொள்ளும்போது, அவன் கையில் ஓர் ஏடாவது இருக்கட்டும்.